தணிகை மலையின் மூன்று பார்வைகள்: விலங்கு காணும் உலகும் பரிசோதனைத் திரைப்படமும்

ஆய்வுச் சுருக்கம்

விலங்கின் கண்ணால் உலகைத் திரையில் காட்ட இயலுமா என்பது பரிசோதனைத் திரைப்படக் கலை நெடுங்காலமாக எதிர்கொண்டு வரும் வினா. திரைப்படக் கருவியின் வேகம், நிறம், சட்டகம் ஆகிய அனைத்தும் மனிதக் கண்ணுக்கென வடிவமைக்கப்பட்டவை. ஆகவே விலங்கின் பார்வையை அக்கருவியால் நேரடியாகப் படியெடுக்க முடியாது. விலங்கு நோக்கும் திசையையும் அதற்கும் நமக்கும் உள்ள இடைவெளியையும் உணர்த்த முடியும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். திருத்தணி முருகன் கோயிலோடு தொடர்புடைய குரங்கு, மயில், யானை ஆகிய மூன்றும் இதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. விலங்குப் புலனறிவு ஆய்வுகள், தமிழ் இலக்கண இலக்கிய மரபு, உலகத் திரைப்படங்கள், தமிழ்த் திரைப்படங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, தணிகை மலைக்குரிய ஒரு குறும்பட வரைவையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: திருத்தணி, விலங்குப் பார்வை, தன்னுலகு, பரிசோதனைத் திரைப்படம், உள்ளுறை, வாகனம், அக்கிரகாரத்தில் கழுதை.

1. முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படுகிறது. ஓர் ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகளைக் கொண்டது இம்மலை. இம்மலையில் விலங்குகள் மூன்று நிலைகளில் காணப்படுகின்றன. குரங்குகள் உயிருள்ளவையாகப் படிகளிலும் மதில்களிலும் வாழ்கின்றன. மயில், ஆடிக் கிருத்திகையின்போது பக்தர்கள் தோளில் சுமந்துவரும் காவடியில் பீலியாக வருகிறது. யானை திருவுருவமாக நிற்கிறது.

இந்த யானையின் நிலை குறிப்பிடத்தக்கது. வாகனங்கள் கருவறையை நோக்கி அமைவதே பொதுமரபு. சிவன் கோயிலின் நந்தியும் முருகன் கோயிலின் மயிலும் இறைவனையே நோக்கி அமர்ந்திருக்கும். திருத்தணியிலோ யானை இறைவனுக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி நிற்கிறது. தெய்வயானையின் திருமணத்தின்போது இந்திரன் ஐராவதத்தைச் சீராக அளித்தான். அதன் பின்னர் அவனுடைய நாட்டின் வளம் குன்றியது. கொடுத்ததைத் திரும்பப் பெற விரும்பாத இந்திரன், யானையின் பார்வை தன் திசையை நோக்கி இருந்தால் போதும் என வேண்டினான். முருகனும் இசைந்தான் என்று தலபுராண மரபு இதற்குக் காரணம் கூறுகிறது. ஒரு விலங்கின் பார்வைக்கு ஆற்றல் உண்டு, அந்தப் பார்வை மனிதர் எதிர்பார்க்கும் திசையில் இருக்க வேண்டியதில்லை என்னும் இரு கருத்துகள் இக்கதையுள் அடங்கியுள்ளன. யானை எதைக் காண்கிறது என்று கதை சொல்வதில்லை. எங்கே பார்க்கிறது என்று மட்டுமே சொல்கிறது. விலங்கின் பார்வையைத் திரையில் கற்பனை செய்ய முனைவோர்க்கு இவ்வேறுபாடு அடிப்படையானது.

2. ஒரே மலை, பல உலகங்கள்

ஒவ்வோர் உயிரும் தன் புலன்களுக்கு எட்டுவனவற்றைக் கொண்டே தனக்கென ஓர் உலகை அமைத்துக்கொள்கிறது என்ற கருத்தை எசுத்தோனியாவில் பிறந்த உயிரியலறிஞர் யாக்கோப் ஃபான் உக்ஸ்கியூல் (1864–1944) முன்வைத்தார். செருமானிய மொழியில் ‘உம்வெல்ட்’ எனப்படும் இதனை இக்கட்டுரை ‘தன்னுலகு’ என வழங்குகிறது. உண்ணி இதற்கு அவர் காட்டிய புகழ்பெற்ற சான்று. பாலூட்டிகளின் தோலிலிருந்து எழும் மணம், உடலின் வெப்பம், தொடுவுணர்வு ஆகிய சிலவே உண்ணியின் உலகம். வானமும் மரமும் மலரும் அதற்கு இல்லை. 1934இல் வெளிவந்த அவருடைய நூலில் ஒரே அறை மனிதருக்கும் நாய்க்கும் ஈக்கும் எவ்வாறு பொருள்படும் என்பதை விளக்கும் படங்கள் இடம்பெற்றன. மனிதரின் அறையில் நூலடுக்கும் மேசையும் தனித்தனிப் பொருள்கள். நாயின் அறையில் உண்பதற்கும் அமர்வதற்கும் உரியவை மட்டுமே பொருளுடையவை. ஈயின் அறையிலோ விளக்கும் உணவும் தவிர மற்றவையெல்லாம் வெறும் பரப்பு. பிற உயிரின் பார்வையைப் படமாக்கும் முயற்சிகளுள் இது முன்னோடியானது.

மெய்யியலாளர் தாமஸ் நேகல் 1974இல் எழுதிய கட்டுரையில் இதன் எல்லையைச் சுட்டினார். வௌவாலாக இருப்பது எத்தகையது என்பதே அவருடைய வினா. தலைகீழாகத் தொங்குவதாகவும் ஒலியின் எதிரொலியால் வழியறிவதாகவும் நாம் கற்பனை செய்யலாம். ஆனால் அக்கற்பனை, வௌவாலைப் போல நடந்துகொள்வது நமக்கு எப்படி இருக்கும் என்பதையே சொல்லும். வௌவாலுக்கு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது.

திருத்தணியின் வரலாறு கொண்டே இவ்வேறுபாட்டை விளக்கலாம். மொழிவழி மாநிலப் பிரிவினையில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணி, ம.பொ.சிவஞானம் உள்ளிட்டோர் முன்னெடுத்த எல்லைப் போராட்டத்தின் விளைவாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மனிதரின் தன்னுலகில் அந்த எல்லைக்கோடு மொழி, ஆட்சி, உரிமை ஆகியவற்றின் கோடு. குரங்கின் தன்னுலகில் அக்கோடு இல்லை. அதற்குரிய எல்லை, ஒரு கூட்டத்தின் உலாவிடம் முடிந்து அடுத்த கூட்டத்தின் உலாவிடம் தொடங்கும் இடம். அந்த எல்லை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

3. தமிழ் மரபில் விலங்கின் அறிவும் பார்வையும்

உயிர்களைப் புலனறிவின் அடிப்படையில் வகைப்படுத்தும் முறை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல், மனம் என ஆறு அறிவுகளை நிரல்படுத்துகிறது. புல்லும் மரமும் ஓரறிவின; நண்டும் தும்பியும் நான்கறிவின; விலங்குகள் ஐயறிவின; மக்கள் ஆறறிவினர். இப்பகுப்பில் ‘காணல்’ அறிவின் ஒரு படி மட்டுமே. அதற்கு முன் மூன்றும் பின் இரண்டும் உள்ளன. விலங்கின் உலகைக் கண்ணால் மட்டும் அளக்க முனையும் திரைப்படக்காரர் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி இது. மேலும், விலங்குகளுள் ஒரு சாராரும் ஆறறிவுக்குரியவை என்னும் கருத்தும் மரபியலை ஒட்டி எழுந்துள்ளது. அதற்கு உரைமரபு கிளியையும் குரங்கையும் யானையையும் சான்றாகக் காட்டுகிறது. தணிகை மலையின் மூன்றனுள் இரண்டு இங்கு இடம்பெறுகின்றன.

எனினும் அகப்பாடல்களில் விலங்கு பெரும்பாலும் தனக்காக இடம்பெறுவதில்லை. உள்ளுறையும் இறைச்சியும் விலங்கின் செயலை மனித உணர்வின் குறிப்பாக மாற்றுகின்றன. கபிலர் பாடிய குறுந்தொகை 38ஆம் பாடலில் பாறைமேல் மயில் ஈன்ற முட்டையை, வெயிலில் விளையாடும் முசுவின் குட்டி உருட்டுகிறது. இக்காட்சியைத் தலைவியின் நிலையை உணர்த்தும் குறிப்பாகப் படிப்பதே நம் வழக்கம். ஆனால் தன்னுலகுக் கோட்பாட்டின் வழி நோக்கினால் இன்னொன்றும் புலனாகிறது. மயிலுக்கு அது முட்டை; குட்டிக்கு அது முட்டை அன்று, உருளும் பொருள். ஒரே பொருள் இரண்டு உலகங்களில் இரண்டு பொருளாக இருப்பதைப் புலவர் தெளிவாகக் கண்டிருக்கிறார். உள்ளுறையைத் தேடும் விரைவில் அந்த நேரடிக் காட்சியை நாம் கடந்து செல்கிறோம்.

வாகன மரபும் இவ்வாறே இருவகையாக இயங்குகிறது. அது விலங்கைத் தெய்வத்தின் அருகில் நிறுத்தி மதிப்பளிக்கிறது. அதே வேளையில் அந்த மதிப்பு உயிருள்ள விலங்கைக் காண விடாமல் மறைக்கவும் கூடும். மயிலை வணங்குவோர் அனைவரும் மயிலைக் கூர்ந்து நோக்கியவர் அல்லர்.

4. மனிதக் கண்ணுக்கென அமைந்த கருவி

விலங்கின் பார்வையைக் காட்டப் படக்கருவியை விலங்கின் உயரத்தில் வைத்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இதன் தொடக்ககாலச் சான்று செருமானிய மருந்தாளர் யூலியஸ் நொய்பிரோனரின் முயற்சி. அவர் புறாவின் மார்பில் கட்டத்தக்க சிறு படக்கருவியை உருவாக்கி 1907இல் காப்புரிமை கோரினார். அக்கருவி எடுத்த படங்களுள் ஒன்றில் இருபுறமும் புறாவின் சிறகு நுனிகள் தெரிகின்றன. அப்படம் புறா இருந்த இடத்தைக் காட்டுகிறது. புறா கண்டதைக் காட்டவில்லை. புறாவின் கண்கள் தலையின் இருபக்கங்களிலும் உள்ளன. கருவியோ மார்பில் இருந்தது. படம் எடுக்கும் நொடியைத் தீர்மானித்ததும் புறாவின் கவனம் அன்று, கருவியின் காலக்கணக்கு.

இடத்தை மாற்றுவதால் தீராத வேறு மூன்று தடைகள் கருவியிலேயே உள்ளன.

முதலாவது வேகம். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. படச்சுருள் கொண்டு திரையிடும்போது ஒவ்வொரு சட்டகமும் இரண்டு அல்லது மூன்று முறை ஒளிரச் செய்யப்படுகிறது. ஆகவே நொடிக்கு 48 அல்லது 72 ஒளிர்வுகள். மனிதக் கண் பொதுவாக நொடிக்கு 50 முதல் 60 ஒளிர்வுகளைத் தாண்டினால் அவற்றை ஒன்றாக இணைத்துவிடும். மயிலின் குடும்பத்தைச் சேர்ந்த கோழி, ஒளி மிகுந்த நிலையில் 80க்கும் மேற்பட்ட ஒளிர்வுகளைப் பிரித்துணர வல்லது. ஈக்களில் இவ்வெண் 200ஐத் தாண்டும். நமக்குத் தொடர்ச்சியாக ஓடும் படம் ஈக்கு விட்டுவிட்டுத் தோன்றும் நிலைப்படங்களின் வரிசையே. 2012இல் வெளிவந்த ‘நான் ஈ’ திரைப்படத்தில் இறந்த நாயகன் ஈயாகப் பிறந்து பழிவாங்குகிறான். அங்கு உருவம் ஈயினுடையது. நினைவும் நோக்கும் காலவுணர்வும் மனிதனுடையவை. கதையின் சுவைக்கு அதுவே தேவை. ஈயின் தன்னுலகு அதில் இல்லை.

இரண்டாவது நிறம். திரையின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் மனிதக் கண்ணின் மூவகைக் கூம்புச் செல்களுக்கு ஏற்பத் தேர்ந்தவை. மயிலுக்கு நிறம் காணும் கூம்புச் செல்கள் நான்கு வகை; அவற்றுள் ஒன்று ஊதாவை உணர்வது. யானைக்கு இருவகைக் கூம்புகளே உள்ளன. சிவப்பையும் பச்சையையும் அது நம்மைப் போலப் பிரித்தறிவதில்லை. குரங்கு மட்டுமே இம்மலையில் நம்மைப் போன்ற மூவகைக் கூம்புகளை உடையது. ஆகவே திரையின் நிறம் குரங்குக்கு ஏறத்தாழப் பொருந்தும், யானைக்கு மிகுதி, மயிலுக்குக் குறைவு.

மூன்றாவது சட்டகம். நாற்கரச் சட்டகம் முன்னோக்கிய இரு கண்களின் பார்வையைத் தழுவியது. பக்கவாட்டுக் கண்களால் இருபுறமும் ஒருங்கே காணும் பறவைக்கு இத்தகைய ஓரம் இல்லை. மேலும், காணலைத் தவிர்த்த பிற அறிவுகளுக்குச் சட்டகத்தில் இடமே இல்லை. ஆப்பிரிக்க யானையின் மரபணுத் தொகுதியில் மணமுணர் மரபணுக்கள் சுமார் 2000 உள்ளன. மனிதரில் சுமார் 400. யானையின் உலகம் பெரிதும் மணத்தால் ஆனது. திரைக்கு மணமில்லை.

5. திரைப்படங்கள் கண்ட வழிகள்

இத்தடைகளை அறிந்த பரிசோதனைக் கலைஞர்கள் வேறு வழிகளை நாடினர். அவற்றை நான்காகத் தொகுக்கலாம்.

முதல் வழி, படக்கருவியையே விலக்குதல். அமெரிக்கக் கலைஞர் ஸ்டான் பிராக்கேஜ் 1963இல் உருவாக்கிய ‘மாத்லைட்’ என்னும் சில நிமிடப் படம் கருவியின்றி ஆக்கப்பட்டது. அந்துப்பூச்சியின் சிறகுகள், இலைகள், புல் ஆகியவற்றை ஒட்டுநாடாவின் இடையில் வைத்து அவர் படச்சுருளாக்கினார். பிறப்பு முதல் இறப்பு வரை அந்துப்பூச்சி காணக்கூடியதை அவர் அதில் கற்பனை செய்தார். பூச்சி பார்த்ததற்கு மாறாக, பூச்சியின் உடலே ஒளி ஊடுருவும் சட்டகமாகிறது.

இரண்டாம் வழி, கருவியை மனிதக் கையிலிருந்து விடுவித்தல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புலன்சார் இனவரைவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த லூசியன் காஸ்டைங்-டெய்லர், வெரேனா பாரவெல் ஆகியோரின் ‘லெவியதன்’ (2012) மீன்பிடிக் கப்பலில் எடுக்கப்பட்டது. சிறு கருவிகள் மீனவர் உடலிலும் கோல்களிலும் பொருத்தப்பட்டு, நீருக்குள்ளும் மீன்குவியலுக்கிடையிலும் கடற்பறவைகளுக்குக் கீழும் அலைந்தன. எது மேல், எது கீழ் என அறியாமல் பார்வையாளர் தடுமாறும்போது மனித நோக்கின் உறுதி குலைகிறது.

மூன்றாம் வழி, விலங்கின் காலத்துக்குப் பணிதல். விக்டர் கொசக்கோவ்ஸ்கியின் ‘குண்டா’ (2020) ஒரு தாய்ப்பன்றியையும் அதன் குட்டிகளையும் தரைமட்ட உயரத்தில் கருப்பு வெள்ளையில் காட்டுகிறது. உரையும் இசையும் இல்லை. குட்டிகளை வண்டி ஏற்றிச் சென்ற பின், தாய் அவற்றைத் தேடி அலையும் நீண்ட இறுதிக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நான்காம் வழி, விலங்கின் பார்வைக்கு எதிர்காட்சி தருதல். ராபர்ட் பிரெஸ்ஸோனின் ‘ஓ அசார் பல்தசார்’ (1966) படத்தில் கழுதை சர்க்கஸ் கூடாரத்தில் வைக்கோல் வண்டியை இழுத்துச் செல்கையில் புலி, பனிக்கரடி, குரங்கினம், யானை ஆகியவற்றின் முன் நிற்கிறது. கழுதையின் முகமும் அவ்விலங்குகளின் முகங்களும் மாறிமாறிக் காட்டப்படுகின்றன. அவை என்ன கண்டன என்பதை இயக்குநர் சொல்வதில்லை. அவை ஒன்றையொன்று நோக்கின என்பதே காட்சி. தணிகை யானையின் கதை செய்வதும் இதுவே.

தமிழ்த் திரையில் விலங்குகளுக்குக் குறைவில்லை. முருக பக்தரான சாண்டோ எம்.எம்.ஏ.சின்னப்பா தேவர் தம் படங்களில் விலங்குகளை நாயகனுக்கு நிகராக நடிக்கவைத்தார். யானைகள் இடம்பெற்ற ‘நல்ல நேரம்’ (1972) அவற்றுள் ஒன்று. அவற்றில் விலங்கு நன்றியும் பக்தியும் உடைய மனிதராகவே செயல்படும். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் தண்டவாளத்தில் கொல்லப்படும் கறுப்பி என்னும் நாய், சாதிய வன்முறையின் குறியீடாக நிற்கிறது. உள்ளுறை மரபின் வலிமையான இக்காலத் தொடர்ச்சி இது.

இவ்வரிசையில் ஜான் ஆபிரகாமின் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ (1977) தனித்து நிற்கிறது. வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத, இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் பேராசிரியராக நடித்த இப்படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. பிரெஸ்ஸோனின் படத்தோடு இதனை ஒப்பிடுவது வழக்கம். தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றைப் பேராசிரியர் வளர்க்கிறார். வாய் பேச இயலாத பெண் அதைப் பேணுகிறாள். ஊரில் நேரும் தீங்குகளுக்கெல்லாம் கழுதையே காரணமெனக் கொள்ளப்பட்டு அது கொல்லப்படுகிறது. பின்னர் அதே ஊர் அதைத் தெய்வமாக்குகிறது. கழுதையின் கண்வழிக் காட்சிகளை நாடாமல், கழுதையை ஊர் எவ்வாறு பார்க்கிறது என்பதை இப்படம் காட்டுகிறது. முதலில் தீங்கு, பின்னர் தெய்வம். இரண்டிலும் கழுதை காணப்படவே இல்லை. விலங்கைத் தெய்வத்தோடு இணைத்துப் போற்றும் பண்பாட்டுக்கு இப்படம் எழுப்பும் வினா இன்றும் விடைபெறவில்லை.

6. தணிகை மலைக்குரிய குறும்பட வரைவு

மேற்கண்ட வழிகளைத் திருத்தணியின் மூன்று விலங்குகளோடு பொருத்தினால் மூன்று பகுதிகள் கொண்ட ஒரு குறும்படத்தைத் திட்டமிடலாம்.

அ. குரங்கு: பையின் உலகம்

கோயில் மலைகளில் வாழும் குல்லாய்க் குரங்கு தென்னிந்தியத் தீபகற்பத்துக்கே உரியது. நிறப்பார்வையில் அது நம்மை ஒத்தது. பொருள்களின் பொருளில் வேறுபட்டது. பக்தரின் கையிலுள்ள நெகிழிப்பை பக்தருக்குப் பூசைப்பொருள். குரங்குக்கு அது வாழைப்பழமும் தேங்காயும் இருக்குமிடம். இப்பொருளைக் குரங்குக்குக் கற்பித்தவர் நாமே. பையிலிருந்து எடுத்துக் கொடுத்துப் பழக்கிய பின், பையைப் பறிக்கும் குரங்கைத் ‘திருடன்’ என்கிறோம். ஆகவே முதற்பகுதியில் கருவி இடுப்பளவு உயரத்தில் படியோரம் அசையாமல் நிற்கும். முகங்கள் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். ஏறுவனவும் இறங்குவனவும் பைகளே. உக்ஸ்கியூலின் அறைப்படத்தில் ஈக்கு விளக்கு தனித்துத் தெரிந்ததுபோல், இங்குப் பை மட்டும் தெளிவாகவும் மற்றவை மங்கலாகவும் இருக்கும்.

இங்குக் கருவியே ஒரு சிக்கலாகிறது. நேருக்கு நேர் உற்று நோக்குதல் இக்குரங்கினத்தில் மிரட்டலின் அடையாளம். இமைக்காத பெரிய கண்ணாடி வில்லை குரங்குக்கு உற்று நோக்கும் கண்ணாகத் தோன்றக்கூடும். பல்லைக் காட்டுதலோ அச்சத்தின் அல்லது பணிவின் குறி; நாம் படம் எடுத்துக்கொண்டு சிரிக்கும்போது குரங்கு படிப்பது நாம் எழுதியதை அன்று. எனவே கருவி குரங்கை நோக்கித் திரும்பாது, படிகளையே நோக்கியிருக்கும். குரங்கு சட்டகத்துக்குள் வரலாம், வராமலும் போகலாம்.

ஆ. மயில்: பீலியின் நடுக்கம்

தோகை விரித்த ஆண்மயில் அதை நொடிக்கு ஏறத்தாழ 25 முறை நடுங்கச் செய்கிறது என்றும், அந்நடுக்கத்திலும் பீலிக் கண்கள் ஏறக்குறைய அசையாமல் நிற்பதாகத் தோன்றும் என்றும் ரோஸ்லின் டேகின் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மயிலின் கொண்டை இறகுகள் இதே அளவிலான அதிர்வுக்கு இசைந்து அதிர வல்லவை என்பதை 2018ஆம் ஆண்டு ஆய்வு விளக்கியது. பெண்மயிலுக்குத் தோகை கண்ணால் மட்டுமன்றித் தலையில் உணரும் அதிர்வாலும் எட்டக்கூடும். ஜெசிக்கா யோர்சின்ஸ்கி குழுவினர் பெண்மயில்களுக்குக் கண்ணசைவுக் கருவி பொருத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அருகில் நிற்கும் பெண்மயில் தோகையின் கீழ்ப்பகுதியையே மிகுதியாக நோக்குகிறது. நாம் வியக்கும் மேல்வட்டத்தில் அதன் பார்வை குறைவாகவே தங்குகிறது. ஆணை நோக்காமல் சுற்றுப்புறத்தை நோக்கும் நேரமே அதிகம்.

இங்குத் திரைப்படத்தின் வரம்பே காட்சியாகலாம். நொடிக்கு 24 சட்டகம் பதியும் கருவிக்கு நொடிக்கு 25 முறை நடுங்கும் பீலி மெல்ல அசைவதாகவோ ஏறத்தாழ நின்றதாகவோ தோன்றக்கூடும். கருவியின் வேகமும் பீலியின் வேகமும் நெருங்கியிருப்பதால் விளையும் மயக்கம் அது. ஆடும் மயிலின் பீலியை முதலில் 24 சட்டக வேகத்திலும், பின்னர் 240 சட்டக வேகத்திலும் பதிந்து அடுத்தடுத்துக் காட்டினால், நம் கருவி எதைத் தவறவிட்டது என்பது பார்வையாளருக்கு விளங்கும். அதன்பின் மயில் காவடியின் பீலி தோளசைவில் ஆடுவதைக் காட்டலாம். ஒன்று மயிலின் அசைவு, மற்றொன்று மனிதரின் அசைவு, பீலி ஒன்றே.

இ. யானை: கிழக்குத் திசை

1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சியகத்தில் ஆசிய யானைகளின் அருகில் நின்ற கேட்டி பெய்ன், காதால் கேளாத ஓர் அதிர்வை உடலால் உணர்ந்தார். தொடர்ந்து நிகழ்த்திய ஆய்வில், யானைகள் நொடிக்கு 14 முதல் 24 அதிர்வுகள் கொண்ட தாழொலியால் தொடர்பு கொள்வது 1986இல் வெளியாயிற்று. மனிதச் செவியின் கீழெல்லை ஏறத்தாழ 20 அதிர்வுகள். திரையரங்கின் பெரும்பாலான ஒலிபெருக்கிகளும் இவ்வொலியைத் தர இயலாதவை.

கோயிலினுள் யானைத் திருவுருவத்தைப் படமெடுக்க வேண்டியதில்லை. கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் பணித்தது. வழிபாட்டிடத்தின் ஒழுங்கு மதிக்கத்தக்கது. கருவி மலையின் கீழைச் சரிவில் நின்று, யானை நோக்கும் திசையை மட்டும் நெடுநேரம் காட்டும். விடியல் தொடங்கி வெயில் ஏறும்வரை ஒரே காட்சி. யானை சட்டகத்தில் இல்லை. அதன் திசை இருக்கிறது. கருவறையை நோக்கி மலையேறி வந்த பார்வையாளர் அதற்கு முதுகு காட்டி நிற்கும் நிலையை இப்பகுதியில் அடைவார். தாழொலிக்குரிய இடம் வெறுமையாகவே விடப்படும். வேகத்தை மாற்றி அதைக் கேட்கச் செய்தால் நமக்கு வசதி. கேளாமையை உணர்த்துவது இவ்வரைவுக்குப் பொருத்தம்.

7. அறமும் வரம்பும்

விலங்கின் பார்வையைக் கற்பனை செய்யும் படம் அவ்விலங்குக்கே துன்பம் தருமாயின் அதன் நோக்கம் கெடும். குரங்கு, கரடி, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிப்படுத்துவதற்கு மைய அரசு 1998ஆம் ஆண்டு அறிவிக்கையால் தடை விதித்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதிசெய்தது. திரைப்படத்தில் பிற விலங்குகளை ஈடுபடுத்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் இசைவு தேவை. இவ்வரம்புகள் இவ்வரைவுக்குத் தடையாவதில்லை. அதன் வடிவையே தீர்மானிக்கின்றன. நடிக்கவைக்க இயலாத விலங்கைக் காத்திருந்தே காண முடியும். உணவிட்டு வரவழைப்பது, உடலில் கருவி பொருத்துவது, ஒலியெழுப்பித் திருப்புவது ஆகிய மூன்றும் இவ்வரைவில் விலக்கப்படுகின்றன.

கோயில் நகரங்களில் குரங்கு ‘தொல்லை’ எனப் பேசப்படும்போது பிடித்து வேறிடம் விடுதல், விரட்டுதல் முதலியனவே தீர்வுகளாக முன்வைக்கப்படுகின்றன. மக்களின் இடர்ப்பாடு உண்மையானது. ஆயினும் பை ஏன் பறிக்கப்படுகிறது என்பதைக் குரங்கின் தன்னுலகிலிருந்து ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தால், உணவளிக்கும் நம் பழக்கத்தை மாற்றுவது முதல் தீர்வாகத் தெரியும். கற்பனையின் நடைமுறைப் பயன் இதுவே.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு.

படக்கருவியை விலங்கின் இடத்தில் வைப்பதால் விலங்கின் பார்வை கிடைப்பதில்லை. வேகம், நிறம், சட்டகம் ஆகிய மூன்றிலும் கருவி மனிதக் கண்ணைச் சார்ந்தது.

சிறந்த பரிசோதனைப் படங்கள் இவ்வரம்பை மறைக்காமல் அதையே வெளிப்பாட்டு வழியாக்குகின்றன. பிராக்கேஜ் கருவியை விலக்கினார். பிரெஸ்ஸோன் பார்வைகளின் சந்திப்பைக் காட்டி அவற்றின் பொருளைச் சொல்லாமல் விட்டார்.

தமிழ் மரபு விலங்கைக் குறிப்பாகவும் வாகனமாகவும் கண்டுள்ளது. தமிழ்த் திரையும் பெரும்பாலும் அவ்வழியே சென்றுள்ளது. ஆயினும் முட்டையை உருட்டும் முசுக்குட்டியிலும் உரைமரபின் ஆறறிவு விளக்கத்திலும் தணிகை யானையின் நிலையிலும், விலங்கைத் தனக்குரிய நோக்குடைய உயிராக ஏற்கும் இழையும் உண்டு. அவ்விழையைத் தமிழ்க் குறும்படக் கலைஞர்கள் தொடரலாம்.

யானை கிழக்கே பார்க்கட்டும் என்று முருகன் இசைந்ததாகக் கதை கூறுகிறது. தன்னை நோக்காத பார்வைக்கும் தன் சந்நிதியில் இடம் தந்த அந்த இசைவு, விலங்குகளைப் படமெடுக்கும் எவருக்கும் உரிய நெறியாகும்.